பழைய கல்விக் கணினி விளையாட்டுகளை மீண்டும் இயக்குதல்: ஒரு வரலாற்றுப் பார்வை

1971ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஒரு தொலைத்தட்டச்சுப் பொறியைச் சூழ்ந்து நின்றனர். அதில் திரையோ படமோ இல்லை. பொறி, காகிதச் சுருளில் ஒரு கேள்வியை அச்சிடும். மாணவர் தம் விடையைத் தட்டுவர். அதற்கேற்ப அடுத்த கேள்வி அச்சாகும். 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிப் புறப்பட்ட குடியேறிகளின் பயணமே அவ்விளையாட்டின் பொருள். உணவுக்கு எவ்வளவு செலவிடுவது, வழியில் தங்குவதா, வேட்டைக்குச் செல்வதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் மாணவர்களே. விலங்கை வீழ்த்த வேண்டுமானால் துப்பாக்கி வெடிக்கும் ஓசையைக் குறிக்கும் 'பேங்' என்ற சொல்லைப் பிழையின்றி விரைந்து தட்ட வேண்டும். 'ஓரிகன் டிரெய்ல்' என்னும் அவ்விளையாட்டை வரலாற்றுப் பாடத்துக்காகச் சிந்தித்தவர் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர். அவருடைய நண்பர்களும் கணிதப் பயிற்சி ஆசிரியர்களுமான பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் ஆகிய இருவரும் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அதற்கான நிரலை எழுதி முடித்தனர்.

பயிற்சிப் பருவம் முடிந்தபோது அந்நிரல் பள்ளி மாவட்டக் கணினியிலிருந்து நீக்கப்பட்டது. எனினும் ராவிட்ச், நிரலின் வரிகள் முழுவதையும் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துச் சென்றிருந்தார். 1974ஆம் ஆண்டில் மினசோட்டா கல்விக் கணினிக் கூட்டமைப்பில் பணிக்குச் சேர்ந்த அவர், அந்த அச்சுப்படியைப் பார்த்து ஒவ்வொரு வரியாக வேறொரு கணினியில் தட்டச்சு செய்தார். பின்னர்க் குடியேறிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, நோயும் மழையும் எவ்வளவு அடிக்கடி நேர்ந்தன என்பதற்கேற்ப நிரலைத் திருத்தினார். மாநிலத்தின் பல பள்ளிகளிலிருந்தும் மாணவர்கள் தொலைபேசி இணைப்பின் வழி அவ்விளையாட்டை ஆடினர். 1978ஆம் ஆண்டில் அதன் நிரல் 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' என்னும் இதழில் அச்சேறியது.

பழைய கல்வி விளையாட்டுகளைப் புதிய கணினிகளில் மீண்டும் இயக்குவது எப்படி என்னும் நம் வினாவுக்கு இந்நிகழ்ச்சியிலேயே விடையின் முதற்பகுதி இருக்கிறது. பழைய பொறி காக்கப்படவில்லை. புதிய பொறியோ வேறு வகையினது. மனிதர் படித்தறியக்கூடிய எழுத்தாக நிரல் எஞ்சியிருந்ததே விளையாட்டைக் காத்தது. அடுத்து வந்த காலத்தில் இந்நிலை மாறியது. அம்மாற்றத்தையும், அதன் விளைவையும், அவ்விளைவிலிருந்து மீள எடுக்கப்பட்ட முயற்சிகளையும், அவை நம் தமிழ் வகுப்பறைக்குக் கூறும் செய்தியையும் இக்கட்டுரையில் காண்போம்.

குறுவட்டுக் காலம்

1980களில் தனியாள் கணினிகள் பள்ளிகளுக்குள் வந்தன. ஓரிகன் டிரெய்ல், ஆப்பிள் 2 கணினிக்குரிய படங்களுடன் 1985இல் புதுவடிவம் பெற்றது. அதே ஆண்டில், உலகப் புவியியலைத் துப்பறியும் கதையாகக் கற்பித்த 'கார்மென் சான்டியேகோ' வெளியாயிற்று. 1990களின் தொடக்கத்தில் குறுவட்டு பரவியது. ஒரு நெகிழ்வட்டு 1.44 மெகாபைட்டுகளையே கொள்ளும். ஒரு குறுவட்டோ ஏறத்தாழ 650 மெகாபைட்டுகளைக் கொண்டது. அதாவது 450 நெகிழ்வட்டுகளின் கொள்ளளவு ஒரே தட்டில் அடங்கியது. பேச்சும் பாட்டும் அசைபடமும் குழந்தைகளின் பாடத்துக்குள் நுழைந்தது இவ்வாறுதான்.

1992இல் வெளிவந்த 'ஜஸ்ட் கிராண்ட்மா அண்ட் மி' என்னும் கதை வட்டு இங்கே தனித்துக் குறிப்பிடத்தக்கது. அதில் குழந்தை ஒரு சொல்லைத் தொட்டால் கணினி அச்சொல்லை ஒலித்துக் காட்டும். ஒரே வட்டில் ஆங்கிலம், ஸ்பானியம், ஜப்பானியம் என மும்மொழிகளில் அக்கதை அமைந்திருந்தது. மொழியாசிரியர்களாகிய நாம் இன்றும் விரும்பும் ஒரு கருவி 30 ஆண்டுகளுக்கு முன்னரே கடைகளில் விற்பனைக்கு இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் வட்டாரத்திலும் அக்காலம் கணினிக் கல்வியின் தொடக்கக் காலமே. சிங்கப்பூர் 1997ஆம் ஆண்டில் கல்விக்கான முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. மலேசியாவின் விவேகப் பள்ளி முன்னோடித் திட்டம் 1999இல் தொடங்கியது. மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கு அதில் பாட மென்பொருள்கள் உருவாக்கப்பட்டன. பள்ளி அலமாரிகளில் வட்டுப் பெட்டிகள் அடுக்கப்பட்ட காலம் அது.

ஆனால் வட்டில் நம் கைக்கு வந்தது, பொறி மட்டுமே படிக்கக்கூடிய வடிவமாகும். மனிதர் படித்தறியும் மூல நிரல், தயாரித்த நிறுவனத்திடமே இருந்தது. அந்நிறுவனங்களோ நிலைத்து நிற்கவில்லை. 1995இல் 'சாஃப்ட்கீ' என்னும் நிறுவனம் 'தி லேர்னிங் கம்பெனி'யை வாங்கி அதன் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. 1996இல் ஓரிகன் டிரெய்லை வெளியிட்டு வந்த மினசோட்டா நிறுவனத்தையும், 1998இல் கார்மென் சான்டியேகோவை உருவாக்கிய 'புரோடர்பண்ட்' நிறுவனத்தையும் வாங்கியது. 1999இல் பொம்மை நிறுவனமான மேட்டல் அனைத்தையும் ஏறத்தாழ 350 கோடி டாலருக்கு வாங்கி, மறு ஆண்டே கைவிட்டது. இத்தகைய கைமாற்றங்களில் விற்பனைக்குதவும் பெயர்கள் பேணப்படும். பழைய நிரலின் வரிகளைப் பேணுவது எவர் பொறுப்பு என்பதை எவரும் கேட்பதில்லை.

இயங்க மறுப்பதன் காரணங்கள்

அண்மையில் நாங்கள் சிலர், ஒரு பள்ளியின் அலமாரியிலிருந்து சில பழைய வட்டுகளை எடுத்து இயக்க முற்பட்டோம். அவற்றுள் ஒன்று ஆங்கிலக் கதை வட்டு. மற்றொன்று தமிழ் எழுத்துப் பயிற்சி வட்டு. இரண்டும் கீறலின்றித் தூய்மையாக இருந்தன. ஆயினும் முதல் வட்டைப் புதிய கணினியில் இட்டதும், 'இந்நிரல் உங்கள் கணினியில் இயங்காது' என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு மட்டும் தோன்றியது. வட்டு கெடவில்லை, அது நம்பியிருந்த சூழல்தான் மறைந்துவிட்டது. அச்சூழலின் கூறுகளைப் பிரித்துக் காண்பது தேவை.

முதலாவது, நிரலின் அமைப்பு. 1990களின் முற்பகுதியில் வெளிவந்த நிரல்கள் பெரும்பாலும் 16 பிட் அமைப்பில் எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்பதில்லை. 2021இல் வெளியான விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. இதில் ஒரு சிறு விந்தையும் உண்டு. விளையாட்டு 32 பிட்டாக இருந்து இன்றும் இயங்கக்கூடியதாயினும், அதைக் கணினியில் நிறுவும் நிரல் 16 பிட்டாக இருப்பதுண்டு. வீடு நன்றாக இருந்தும் வாசற்கதவு திறக்காத நிலை அது. ஆப்பிள் கணினிகளிலும் இதே கதைதான்: மையச் செயலக வகை 1994இலும் 2006இலும் மாறியது, 2007இல் பழைய மேக் நிரல்களுக்கான ஆதரவு நின்றது, 2019இல் 32 பிட் நிரல்களுக்கும் இடமில்லாமற் போயிற்று.

இரண்டாவது, வேகம். அக்கால ஆசிரியர்கள் பலர் டர்போ பாஸ்கல் மொழியில் தாமே பயிற்சி நிரல்களை எழுதினர். அம்மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் பல, தொடங்கியதும் கணினியின் வேகத்தை அளந்துகொள்ளும்; கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது ஏறத்தாழ 55 மில்லி வினாடிக்குள், எத்தனை முறை சுழல முடிகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். விடையை வைக்க ஒதுக்கிய இடமோ 65,535 வரையே கொள்ளும். 1990களின் பிற்பகுதியில் வந்த விரைவான கணினிகளில் விடை அவ்வெல்லையைத் தாண்டியது. 'பிழை எண் 200, சுழியால் வகுத்தல்' என்று கூறி நிரல் தொடக்கத்திலேயே நின்றது. எவரும் சுழியால் வகுக்கவில்லை. எதிர்காலக் கணினி இவ்வளவு விரைவாக இருக்கும் என்று எழுதியவர் எண்ணவில்லை, அவ்வளவே.

மூன்றாவது, துணைப்பொருள்கள். திரையில் 256 நிறங்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று சில விளையாட்டுகள் வற்புறுத்தும். அசைபடத்துக்குரிய குயிக்டைம் மென்பொருளின் பழைய பதிப்பைச் சில கேட்கும். புதிய பதிப்பைக் கண்டால் ஏற்கா. வேறு சிலவற்றில் பாட்டிசை, கோப்பாக இல்லாமல், இசைத்தட்டில் இருப்பது போல் வட்டின் தனித் தடங்களில் பதிவாகியிருக்கும். கோப்புகளை மட்டும் படியெடுத்தால் பாட்டு விடுபட்டுப்போகும். எங்கள் கதை வட்டில் நேர்ந்ததும் இதுவே. நிரல் இயங்கிய பின்னும் பாட்டி வாயசைத்தாள், பாட்டுக் கேட்கவில்லை. வட்டு முழுவதையும் தடங்களோடு சேர்த்து ஒரே வட்டுப்படிமமாக எடுத்த பிறகே அவள் பாடினாள்.

மீட்கும் இரு வழிகள்

இத்தடைகளைக் கடக்க இரு வழிகள் உருவாயின. இரண்டும் பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பால் விளைந்தவை.

முதல் வழி, மறைந்துபோன கணினியையே புதிய கணினிக்குள் மென்பொருளாகக் கட்டுவது. இவ்வகை மென்பொருளை எமுலேட்டர் என்பர். 2002இல் வெளிவந்த 'டாஸ்பாக்ஸ்' இதற்குச் சிறந்த சான்று. பழைய மையச் செயலகம், பழைய ஒலி அட்டை, பழைய திரை ஆகியவை செய்தவற்றை அது அப்படியே செய்து காட்டுகிறது. வேகத்தையும் நாமே குறைத்துக்கொள்ளலாம். எனவே மேலே கண்ட பிழை எண் 200 எழுவதில்லை. 1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1ஐ அதனுள் நிறுவி, அதன்மேல் அக்கால விளையாட்டுகளை இயக்கவும் இயலும். எங்கள் கதை வட்டு இவ்வழியில்தான் உயிர் பெற்றது.

இரண்டாம் வழி, விளையாட்டின் கதை நிரலை வைத்துக்கொண்டு, அதை இயக்கும் நிரலை மட்டும் புதிதாக எழுதுவது. 1987இல் 'மேனியாக் மேன்ஷன்' என்னும் விளையாட்டை உருவாக்கியபோது, அதன் ஆசிரியர்கள் கதையை 'ஸ்கம்' என்ற தனிமொழியில் எழுதினர். அக்கதை நிரலைப் படித்து நிறைவேற்றும் இயக்கு நிரல் வேறாக இருந்தது. கணினி மாறினால் இயக்கு நிரலை மாற்றினால் போதும். கதையைத் தொட வேண்டியதில்லை. அவ்விளையாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான ரான் கில்பர்ட், 1992இல் ஷெல்லி டே என்பவருடன் சேர்ந்து சிறுவர்க்கான 'ஹியூமங்கஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். 'பட்-பட்' என்னும் சிறு ஊதா நிறக் கார் வலம்வரும் விளையாட்டுகள் அந்த அமைப்பிலேயே வெளிவந்தன.

2001இல் லுட்விக் ஸ்டிரிகியஸ், வின்சென்ட் ஹாம் ஆகிய இரு நிரலாளர்கள், 'ஸ்கம்விஎம்' என்ற பெயரில் அந்த இயக்கு நிரலைப் புதிதாக எழுதத் தொடங்கினர். பின்னர்ப் பலர் அப்பணியில் இணைந்தனர். மூல நிரல் கையில் இல்லாத நிலையில், பழைய நிரல் செய்வதைக் கூர்ந்து நோக்கி, அதையே செய்யும் வேறொன்றைப் படைத்தனர். பெரியவர்களின் விளையாட்டுகளுக்காகத் தொடங்கிய அம்முயற்சி, நாளடைவில் சிறுவர் விளையாட்டுகளையும் கதை வட்டுகளையும் தழுவி வளர்ந்தது. ஹியூமங்கஸ் விளையாட்டுகள் 2014இல் மீண்டும் விற்பனைக்கு வந்தபோது அவற்றை இயக்கியதும் ஸ்கம்விஎம்மே.

தமிழ் மாணவருக்கு இது புதிய செய்தியன்று. ஏட்டுச் சுவடிகளில் புள்ளியிட்டு எழுதும் வழக்கம் இல்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவின. காலும் ரகரமும் வேறுபாடின்றி இருக்கும். ஏடு சிதையாமல் கைக்குக் கிடைத்தாலும், எழுதாமல் விடப்பட்டதைத் தம் புலமையால் நிரப்பிப் படிக்கும் ஒருவர் தேவைப்பட்டார். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது மேற்கொண்ட உழைப்பில் பெரும்பகுதி இத்தகைய படித்தலே. பழைய வட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதப்படாத வழக்கங்களை உய்த்துணர்ந்து இயக்கு நிரலை எழுதுகிறவரும் ஒரு பதிப்பாசிரியரே என்று நாம் கருதுகிறோம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஏட்டை நூறாண்டு கழித்தும் ஒரு புலவர் படிக்கலாம். விளையாட்டையோ படிக்கும் பொறி இல்லாதபோது எவராலும் படிக்க இயலாது.

தமிழ் வகுப்பறையின் நிலை

இனி, எங்கள் இரண்டாம் வட்டுக்கு வருவோம். தமிழ் எழுத்துப் பயிற்சி நிரல் சற்று முயன்றதும் இயங்கியது. ஆயினும் திரையில் தமிழைக் காணோம். மேற்குறி தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளே வரிசையாகத் தோன்றின. காரணம் நம் மொழியின் கணினி வரலாற்றில் இருக்கிறது.

ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டு முதலே இடம்பெற்றிருந்தாலும், அது பொதுப் பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனக் குறியீட்டு முறை ஒன்றைக் கொண்டிருந்தது. ஐரோப்பிய எழுத்துக்குரிய எண்ணின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்த எழுத்துருவே அன்றைய தமிழ். எழுத்துரு நீங்கினால் தமிழும் நீங்கும். இக்குழப்பத்தைத் தீர்க்க முன்வந்தோருள் நம் வட்டாரத்தவர் முன்னணியில் நின்றனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடுவதற்கும் அவர் முன்னின்றார். 1999இல் சென்னை மாநாட்டின் வழித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீட்டு முறைகளும் தரம் பெற்றன. 2000ஆம் ஆண்டில் உத்தமம் அமைப்பு உருவாயிற்று.

இவ்வரலாற்றின் ஒவ்வொரு படியிலும் ஆசிரியர்கள் பயிற்சிகளையும் விளையாட்டுகளையும் படைத்தனர். ஒவ்வொரு படியும் கடந்ததும் அவை படிக்க இயலாதவை ஆயின. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவது வெறும் எண்மாற்றம் அன்று. 'கொ' என்னும் எழுத்தைப் பழைய முறைகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில், ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்றாகச் சேமித்தன. ஒருங்குறியிலோ ககரம் முதலில் வரும். உயிர்க்குறி அதன் பின்னரே வரும். இவ்வரிசை மாற்றத்தை அறியாதவர் எழுதிய மாற்றி, சொற்களைச் சிதைத்துவிடும்.

எங்கள் வட்டுக்குரிய எழுத்துருவை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பழைய நெகிழ்வட்டு ஒன்றில் வைத்திருந்தார். அதை நிறுவியதும் 'அம்மா' என்ற சொல் திரையில் தோன்றியது. அந்த ஒரு கோப்பு கிடைக்காதிருந்தால், எழுதியவரின் உழைப்பு முழுவதும் பொருளற்ற குறிகளாகவே நின்றிருக்கும்.

இணையத்தில் ஏற்றியவை பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. 2000களில் வகுப்பறைப் பயிற்சிகள் பல ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் உருவாயின. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதன் ஆதரவு நிறுத்தப்பட்டது. 'ரஃபிள்' என்னும் எமுலேட்டரும், 'ஃபிளாஷ்பாயிண்ட்' என்னும் தன்னார்வத் தொகுப்பும் பலவற்றை மீட்டுள்ளன. எனினும் எவரேனும் கோப்பைப் படியெடுத்து வைத்திருந்தால்தான் மீட்பு நிகழும்.

நாம் செய்யத்தக்கவை

2023இல் அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளியான விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று அது கூறுகிறது. உலகம் முழுவதும் விற்ற ஆங்கில விளையாட்டுகளுக்கே இந்நிலை என்றால், ஒரு பள்ளிக்காகவோ ஒரு மாவட்டத்துக்காகவோ செய்யப்பட்ட தமிழ்ப் பயிற்சிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைத் தேடி வெளியூரிலிருந்து எவரும் வரப்போவதில்லை.

ஆகவே சில பணிகளை நாமே மேற்கொள்ளலாம். அலமாரியைத் தூய்மை செய்யும்போது வட்டுகளை எறியாது, ஒவ்வொன்றையும் தடங்களுடன் வட்டுப்படிமமாக எடுத்து இரண்டு இடங்களில் வைக்கலாம். எந்த இயங்குதளம், எந்த எழுத்துரு, எந்தக் குறியீட்டு முறை என்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் சேர்க்கலாம். எழுதிய ஆசிரியர் நம்மிடையே இருக்கும்போதே அவரைக் கண்டு மூல நிரலைக் கேட்டுப் பெறலாம். பழையது என்பதால் ஒன்று உரிமையற்றதாகிவிடாது. எனவே படியெடுக்கவும் பகிரவும் உரியவரிடம் இசைவு பெற வேண்டும். மாணவர்களுக்கும் இதில் இடமுண்டு. தம் அண்ணன், அக்காள் ஆடிய விளையாட்டை டாஸ்பாக்ஸில் இயக்கிக் காட்டும் மாணவர், கணினியின் உள்ளமைப்பையும் தம் மொழியின் வரலாற்றையும் ஒருங்கே கற்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று நாம் புதிதாகப் படைக்கும் பாடச் செயலிகளைப் பற்றி எண்ண வேண்டும். நாளை அவையும் பழையனவாகும். அவற்றின் மூல நிரலையும் சொற்பட்டியலையும் ஒலிப்பதிவையும் தனித்தனியே, எவரும் படிக்கக்கூடிய வடிவில் வைத்துச் செல்வோமானால், அடுத்து வருபவர் அவற்றை மீண்டும் இயக்க இயலும். 1971இல் ஒரு பயிற்சி ஆசிரியர் தம்முடன் எடுத்துச் சென்ற அச்சுப்படி, மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாநிலத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பயன்பட்டது. அத்தகைய ஓர் அச்சுப்படியை நாமும் விட்டுச் செல்வோமாக.